முந்நூறு பேரின் அவசரம்

இதைக் கேட்கப் போகிறவர்கள் முதலில் சில செய்திகளைத் தெரிந்துகொண்டு அமர வேண்டும், தெரிந்துகொள்ளாமல் அமர்ந்தால் நடுவில் எழுந்து "அது எப்படி?" என்று கேட்கத் தோன்றும், இக்கதையோ நடுவில் எழ முடியாதவர்களைப் பற்றியது என்பதால், கேட்பவர்கள் மட்டும் எழுவது முறையாகாது.

முதற்செய்தி இடத்தைப் பற்றியது. திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், தகரக் கூரை வேய்ந்த நீண்ட கூடமொன்றில், ராக்கியண்ணன் என்பவருக்குச் சொந்தமான பனியன் கம்பெனி இருந்தது. அங்கே முந்நூறு பெண்கள் ஆறு வரிசைகளில் அமர்ந்து தைத்தார்கள். ஒருத்தி தோளை இணைப்பாள், அடுத்தவள் கழுத்தை மூட்டுவாள், அதற்கடுத்தவள் கையை வைப்பாள், இப்படியே மடிக்கு மடி தாவித் தன் உறுப்புகளைப் பெற்றுக்கொண்டு சட்டை முன்னே போகும். ஆகவே ஒருத்தி எழுந்தால், அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் அனைவரும் அரைகுறைச் சட்டையைப் பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்திருக்க நேரும்.

இரண்டாம் செய்தி கட்டையைப் பற்றியது. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஓர் ஆணி. ஆணியில் சாண் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. அதற்குச் சிவப்புச் சாயம். வெளியே போக வேண்டியவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டே போக வேண்டும். ஆணி வெறுமையாக இருக்கும்வரை அவ்வரிசையில் வேறெவரும் எழக் கூடாது. அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே நடப்பது, தன் அடிவயிற்றின் நிலவரத்தை ஊருக்குத் தண்டோரா போடுவதற்கு ஒப்பானது என்பதால், பெண்கள் அதற்கு எளியதொரு மாற்று கண்டிருந்தார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நாக்கை நனைப்பார்கள், மாலையில் வீட்டுக்குப் போய்க் குடத்தைச் சாய்ப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் கூடத்து மூலையிலிருந்த குடிநீர்த் தொட்டியைக் கொசுக்கள் மட்டுமே மதித்தன.

மூன்றாம் செய்தி அந்தக் கட்டையைக் கொண்டுவந்தவரைப் பற்றியது. அவர் மேலாளர் சுகவனம், சேலத்துக்காரர், ஆட்களை வேலை வாங்குவது எப்படி என்பதைப் படித்துப் பட்டம் பெற்றவர். கொடியவர் அல்லர். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியை இரு கைகளாலும் நீட்டுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆனால் ஒரு பெண்ணையும் பெயர் சொல்லி அழைத்தவர் அல்லர். "மூணாம் லைன் ஏழு" என்பார். ஏழு நிமிர்ந்து பார்க்கும்.

இன்னும் ஒன்று. இவ்விஷயத்தை இடக்கரடக்கிச் சொல்வதே நம் மரபு. இங்கே அடக்கக்கூடிய இடங்களில் அடக்கியும், அடக்க இயலாத இடங்களில் அடக்காமலும் சொல்லப்படும்.

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் முற்பகலில், தகரத்தின்மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூடத்திலிருந்த முந்நூறு பெண்களின் அவசரமும் அவரவர் உடலை விட்டு எழுந்து, கண்ணாடி அறைக்குள் உற்பத்தி வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த சுகவனத்தின் அடிவயிற்றில் போய் இறங்கியது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி மூன்று சுற்றுச் சுற்றியது. அறைக்குப் பக்கத்திலேயே அவருக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது, போனார், ஒரு மேலாளருக்கு உரிய அளவு போயிற்று, மிகுதி அப்படியே நின்றது. வெளியே வந்தார், மறுபடி போனார், குழாயைத் திறந்து தண்ணீர் ஓசையைக் கேட்டார், குலதெய்வத்தை நினைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை, ஏனெனில் நின்றுகொண்டிருந்தது அவருடையது அன்று.

அதே வேளையில் மூன்றாம் வரிசையில் மாராத்தாள் தன் இயந்திரத்தை நிறுத்தினாள். இவள் துணி விளிம்பைப் பூட்டும் ஓவர்லாக் தைப்பவள், நாற்பதைத் தாண்டியவள், இவளது வாய்க்குப் பயந்து நூல்கூட அறுவதில்லை என்பார்கள்.

"ஏன்டி பேச்சி," என்றாள் பக்கத்து இயந்திரக்காரியிடம், "காலையிலருந்து முட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பாத்தா ஒண்ணையுமே காணம்."

தேனிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்த பேச்சியம்மாள் சொன்னாள்: "எனக்குந்தேங்க்கா. எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல."

"போயித்தான் பாப்பமே" என்று மாராத்தாள் கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வழியை மறித்துக்கொண்டு மேலாளர் நின்றார். ஒரு காலை மற்றொரு காலோடு பின்னியிருந்தார்.

"இப்பப் போயிட்டு வந்தது நீங்கதானா?"

"கட்டையோடதானுங் போனேன். இதா பாருங்."

"நல்லாப் போச்சா?"

மாராத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங் சார், ராத்திரி ஊட்டுல ஒறங்குனீங்களா?"

"எனக்கு இறங்குச்சும்மா" என்றார் சுகவனம். அவர் கண்களில் நீர் திரண்டிருந்தது. அது மட்டுமே தடையின்றி வந்தது. "நூல் அளவு இறங்குச்சு. இன்னொருத்தர் போங்க. கட்டை வேண்டாம். யாராவது போங்க. தயவுசெஞ்சு எல்லாரும் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. போகச் சொல்லிவிட்டுப் பிறகு கூலியில் பிடிப்பார்கள் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. ஆனால் பேச்சியம்மாள் ஆராய்ச்சி மனம் உடையவள். தொட்டிக்குப் போய்ச் செம்பு செம்பாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து அமர்ந்தாள். சிறிது நேரத்தில் கண்ணாடி அறைக்குள் சுகவனம் கிணற்று ஏற்றத்தைப் போல மெல்ல எழுந்து நிமிர்ந்ததை அனைவரும் கண்டார்கள். அவள் போய்விட்டு வந்தாள்; அவர் மெல்ல அமர்ந்தார். மதியச் சோற்று வேளைக்குள் செய்தி ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. சோற்று வேளைக்குப் பிறகு அது பழைய செய்தியாயிற்று.

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, படமெடுத்துப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணுமில்ல, உங்க கம்பெனிக்குத்தான் இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு பேரும் தத்தம் இடங்களில் தத்தம் விருப்பப்படி போய் வந்ததால், அன்று மட்டும் சுகவனம் மனிதராக இருந்தார் என்று அவர் மனைவி அண்டை வீடுகளில் சொன்னாள்.

கூடத்தில் கட்டைகள் ஆணியிலிருந்து இறங்கின; தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்க உதவின. ஆனால் கட்டை போனதால் மட்டும் காரியம் நடக்கவில்லை. பெண்களுக்குத் தங்கள் அவசரம் தெரியவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே எது எவருடையது என்று அவரே கண்டறிந்து அவரவரை அனுப்ப வேண்டியதாயிற்று. "மூணாம் லைன் ஏழு, போங்க!" என்று கூவினால், இயந்திரங்களை இடம் மாற்றியிருந்த காரணத்தால் தவறான ஏழு எழுந்து போய் வெறுமனே திரும்பி வந்தது. அதனால் அவர் பெயர்களைக் கற்றார். சோதிடன் சோழியைக் கற்பதுபோலக் கற்றார். எவருடையது ஊசிமுனை போலக் குத்தும், எவருடையது ஆடிப்பெருக்குப் போல மெல்ல ஏறித் திடீரென்று கரை புரளும், எவருடையது தேநீர் குடித்தவுடன் வரும், எவருடையது மாமியார் தொலைபேசியில் அழைத்தவுடன் வரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாயிற்று. துளசிமணி கருவுற்றிருப்பதை அவள் கணவனுக்கு முன்பே அவர் அறிந்து, வெட்கத்தோடு, "அம்மா, டாக்டரைப் பாருங்க" என்றார். செக்கிங் பிரிவில் ஒருத்திக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒருத்தியைப் பார்த்து, "நீங்க ரெண்டு நாளா சரியாத் தண்ணி குடிக்கல, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டார், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார், அவருக்கு அப்போது நான்காம் வரிசை முழுவதும் இருந்தது.

பெண்கள் தண்ணீர் குடித்ததால் தலைவலி நின்றது. தலைவலி நின்றதால் தையல் நேராக ஓடியது. தையல் நேரானதால் சட்டைகள் மிகுந்தன. சுற்றுவட்டாரத்துக் கம்பெனி முதலாளிகள் வண்டி வண்டியாக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு கணக்குப் பார்க்கும் சுகவனத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் தத்தம் கம்பெனிகளில் மேலாளர் வேலைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொடுத்து, அரைநாள் காக்க வைத்து, அதிகமாக நெளிந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று "தலைமைப் பண்பும் உள்ளழுத்தமும்" என்ற தலைப்பில் பேச அவரை அழைத்தது, அவர் முன்னுரையிலேயே "துளசிமணி!" என்று அலறிவிட்டு மேடையை விட்டு இறங்கி ஓடினார், அவ்வுரை மிக ஆழமானது என்று பேராசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் முதலாளி ராக்கியண்ணனுக்குப் பிடித்தே இருந்தது, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பெரிய ஷிப்மென்ட் நெருங்கும்வரை. முந்நூறு பேருக்குக் கூடத்தின் பின்புறம் நான்கே கழிப்பறைகள் இருந்தன. எழுந்து போனவர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்தபோதெல்லாம் முதலாளியின் வெள்ளை வேட்டி துடித்தது.

"ஏனப்பா சுகவனம், ஒரு சந்தேகம்" என்றார் ஒருநாள், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இப்ப அந்தப் பொம்பளைகளுக்கு முட்டறதே இல்லையாமா?"

"இல்லீங்க முதலாளி. எனக்குத்தான் முட்டுது."

"அப்பறம் அவங்க எதுக்கு எந்திரிச்சுப் போறாங்க?"

சுகவனம் யோசித்தார். யோசிக்கும் நிலையில் அவர் உடல் இல்லை. "எனக்காகத்தாங்க."

"உன்னொருத்தனுக்காக முந்நூறு பேரு எந்திரிக்கோணுமா? அந்தக் கக்கூஸெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்தா." மேசைமேல் ஒரு மாத்திரைப் பட்டையை வைத்தார். "வலி மரத்துப் போயிருமாமா. உனக்கும் வலியில்ல, அவங்களுக்கும் வலியில்ல, எனக்கும் வலியில்ல. நல்ல கம்பெனின்னா இதுதானப்பா."

சுகவனம் அதை விழுங்கினார். இதை மறைப்பதற்கில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார். தேவையில்லாமலேயே கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். பேரின்பம் என்று பெரியோர் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார். கட்டைகள் மறுபடி ஆணியேறின, எடுப்பார்தாம் இல்லை. உணர்வு எவரிடமும் இல்லாத அந்தக் கூடத்தில் காலை முதல் மாலை வரை ஒருவரும் எழாமல், சட்டைகள் மட்டும் மடிக்கு மடி தாவி ஓடின. முதலாளி அந்த ஓசையைக் கண்மூடிக் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் மாராத்தாள் தன் இயந்திரத்தின்மீது சாய்ந்தாள். முனகல் இல்லை, வலி இல்லை, கால்கள் வீங்கியிருந்தன, உடம்பு கொதித்தது. அவள் சாய்ந்த பிறகும் அவளது ஓவர்லாக் வெறுங்காற்றை நெடுநேரம் தைத்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் அதட்டினார்: "அடக்கி அடக்கிக் கிருமி கிட்னி வரைக்கும் போயிருக்கு. இவ்வளவு ஆகுற வரைக்கும் உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"எங்க வலியெல்லாம் எங்க மேனேஜருகிட்டக் குடுத்து வெச்சுருக்குறமுங்" என்றாள் மாராத்தாள்.

சுகவனம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"மாராத்தாக்கா, நான் மாத்திரை போட்டுட்டேன்."

"தெரியுமுங். உங்க நடையிலயே தெரிஞ்சுது. பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளையாட்டம் நடந்தீங்க."

"போடாம இருந்திருந்தா உங்களுக்கு இருந்தது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இத்தன நாளு தெரிஞ்சுதானுங் இருந்துச்சு? தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சீங்?" அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "முந்நூறு பேருக்கு நாலு. அதுல ஒண்ணுக்குத் தாப்பாள் இல்ல. சரக்கு வாங்குற பையருங்க வந்தாப் போறதுக்குன்னு முன்னால ரெண்டு, கண்ணாடி பதிச்சு, பூட்டுப் போட்டு, சாவி உங்க இடுப்புல. எங்களுக்கு முட்டுறது உங்களுக்கு முட்டுனா எங்களுக்கு என்னுங் லாபம்? ஊரே கூடி ஒப்பாரி வெச்சா செத்தவனுக்குப் பசி தீருமா?"

சுகவனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கக்கிழம நான் வந்துருவேன்" என்றாள் அவள். "வராட்டி அடுப்பு எரியாது. மணிக்கொருக்காப் போகோணுமுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இன்னொருக்கா அடைச்சா ஒரு கிட்னி போயிருமாமா. நீங்க பழத்த வெச்சுட்டுப் போங்க. உரிச்சு வெச்சுட்டுப் போங்க."

அவர் உரித்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் திங்கட்கிழமையே பையர்கள் கம்பெனியைப் பார்வையிட வரும் நாளாகவும் அமைந்தது. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். வருகிறவர்கள் போகும்வரை ஒரு வரிசையிலும் ஓர் இடமும் காலியாக இருக்கக் கூடாது, எவளும் எழக் கூடாது, கட்டை ஆணியை விட்டு அசையக் கூடாது என்பது முதலாளியின் ஆணை. அவர் சுகவனத்தின் உள்ளங்கையில் தம் கையாலேயே மாத்திரையை வைத்து, போடும்வரை நின்று பார்த்தார். சுகவனம் அதை நாக்கின் அடியில் வைத்திருந்து, அவர் நகர்ந்ததும் மேசையிலிருந்த மணிபிளான்ட் தொட்டியில் உமிழ்ந்தார்.

மாத்திரையின் பழைய வீரியம் சிறிது சிறிதாக வடிந்தது. வடிய வடிய அவர் அடிவயிற்றுக்குப் பெண்கள் திரும்பி வந்தார்கள்: முதலில் துளசிமணி, பிறகு பேச்சியம்மாள், பிறகு இரண்டாம் வரிசை மொத்தமும், பிறகு எல்லாரும். கூடத்தில் முந்நூறு பெண்கள் ஒன்றும் அறியாதவர்களாய்ச் சிரித்த முகத்தோடு தைத்துக்கொண்டிருக்க, கண்ணாடி அறையில் அவர் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார். கோயில் வாசலில் குவிந்த செருப்புகளுக்கிடையே தன் செருப்பைக் கண்டுகொள்பவனைப் போல, அந்த முந்நூற்றிடையே ஒன்றை அவர் கண்டுகொண்டார். ஊசிமுனை போன்றது, இப்போது பழுக்கக் காய்ச்சிய ஊசிமுனை.

இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். முன்பக்கத்துக் கதவு இரண்டையும் திறந்தார். ரோஜா மணம் வந்தது. நிலைக்கண்ணாடியில், வியர்த்து, கால் பின்னி, ஒருவர் தெரிந்தார். அவரை அவர் பொருட்படுத்தவில்லை. கூடத்தில் காலைப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கியின் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"மூணாம் லைன் மாராத்தாக்கா," என்றது கூடத்துக் கூரை முழுவதும், "முன்பக்கம் வாங்க. கட்டை வேண்டாம். அடுத்து துளசிமணி. அடுத்து பேச்சியம்மா. ரெண்டாம் லைன் எல்லாரும் பின்பக்கம் போங்க…"

இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"டேய் சுகவனம், உனக்குப் பைத்தியமா? பையரு உள்ள நிக்கறாங்க! மானம் போகுது!"

"போகட்டுங்க முதலாளி," என்றார் சுகவனம், ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்காமலேயே. ஆகவே அது முந்நூறு பேருக்கும் கேட்டது. "அதை அடக்கி வெக்கிறதாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு. ருக்குமணி! அம்மணி! நஞ்சம்மா! வாங்க, வாங்க!"

வந்திருந்த பையர்களில் நரைத்த தலையும் நெடிய உருவமும் உடைய அம்மையார் ஒருவர் இருந்தார். இது தமக்கு அளிக்கப்படும் வரவேற்பின் ஒரு பகுதி என்று எண்ணி முதலில் கைதட்டினார். பிறகு மொழிபெயர்ப்பாளனிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவன் வரிசையின் பக்கம் கையை மட்டும் நீட்டினான். அம்மையார் கூட்டத்தை நன்றாகப் பார்த்தார். காலையிலிருந்து மூன்று கம்பெனிகளில் மூன்று இளநீர் கொடுத்திருந்தார்கள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், கைப்பையை மொழிபெயர்ப்பாளனிடம் கொடுத்துவிட்டு, நஞ்சம்மாளுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார்.

வெளியே வந்த மாராத்தாள் அவரிடம், "உள்ள பூ வாசம் அடிக்குதுங்கம்மா, தரை மட்டும் வழுக்கும், பாத்துப் போங்க" என்றாள். அம்மையார் இரு கைகளையும் கூப்பினார்.

சுகவனம் ஒரு பெயரையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நூல் இறங்கியது. நூல் நூலாக முந்நூறும் இறங்கி முடிந்தபோது, அவர் குரல் கம்மியிருந்தது, கால்கள் தாமாகவே பிரிந்து நின்றன. மிச்சம் இருந்தது அவருடையது மட்டுமே. அது மிகவும் சிறியதாக இருந்தது.

இதன் பிறகு நிலைபெற்ற செய்திகள் இவை. பையர்கள் ஷிப்மென்டை மறுக்கவில்லை. வரிசைக்கு இரண்டு கழிப்பறைகள் கட்டினால்தான் அடுத்தது என்று மட்டும் எழுதிக் கேட்டார்கள். கட்டினார்கள், அவை நெடுநாளாகத் தம் மனத்தில் இருந்தவை என்று ராக்கியண்ணன் திறப்புவிழாவில் பேசினார், அவருடைய மாலையிட்ட படம் இன்றும் அவற்றின் நுழைவாயிலில் தொங்குவதால், பெண்கள் உள்ளே போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் அவரை நினைத்துக்கொள்கிறார்கள். மாராத்தாளுக்குக் கிட்னி இரண்டும் தங்கின. துளசிமணிக்குப் பெண் பிறந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி உள்ளழுத்தம் என்ற பாடத்தை நீக்கவில்லை. அதில் தேர்வும் வைக்கிறார்கள். சுகவனத்துக்கு அந்தத் திங்கட்கிழமை மாலையே வேலை போயிற்று. ஆணை மீறியவர் என்று காரணம் எழுதினார்கள். அவர் இப்போது சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் இருக்கிறார் என்றும், அங்கே முதல் நாளே கழிப்பறைகளைத்தான் போய்ப் பார்த்தார் என்றும் கேள்வி.

அந்த மாலை அவர் கடைசி முறையாகக் கம்பெனி வாசலைக் கடந்து சாலையில் கால் வைத்த அந்த நொடியில், முந்நூறு பெண்களுக்கும் அவரவருடையது அவரவரிடம் திரும்பி வந்தது. "அட, வந்துருச்சுடி" என்றாள் மாராத்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள், எழுந்தாள், அவள் யாரையும் கேட்கவில்லை, அவளை யாரும் கேட்கவில்லை, போனாள், வந்தாள்.